எட்டு போட்டால் போதுமா?

விடியற்காலை 4 மணி. கோயம்பேடு மார்க்கெட்.

வெளியூர் லாரிகள் காய்கறியை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதை மயிலாப்பூருக்கும், பெரம்பூருக்கும், தாம்பரத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? குட்டி யானை!

காட்டு யானை அல்ல. கோயில் யானையும் அல்ல. 2005-ம் ஆண்டில் டாட்டா கம்பெனி "ஏஸ்" என்று ஒரு சின்ன சரக்கு வண்டியை விட்டது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர்தான் குட்டி யானை. இப்போது எந்தக் கம்பெனியின் சின்ன லாரியாக இருந்தாலும் சென்னையில் அது குட்டி யானைதான்.

காய்கறி மட்டுமா? சவுகார்பேட்டையில் இருந்து துணி. பாரிமுனையில் இருந்து பாத்திரம். காசிமேட்டில் இருந்து மீன். குடோனில் இருந்து வீட்டு வாசலுக்கு பிரிட்ஜ், பீரோ, வாஷிங் மெஷின். எல்லாம் இதில்தான் போகிறது.

யானை இருந்தால் பாகன் வேண்டும். அந்தப் பாகன் எங்கே இருந்து வருகிறான்?

பெரும்பாலும் அதே கடையில் இருந்துதான். மூட்டை தூக்க வந்த பையன், இரண்டு வருடம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய் வந்தவன், ஒரு நாள் வாய் திறந்து கேட்பான்.

"அண்ணே, நானும் லைசென்சு எடுக்கணும்ணே."

"அதுக்கென்னடா தம்பி! எட்டு போடத் தெரிஞ்சா போதும். மீதியை ஸ்கூல்காரன் பார்த்துக்குவான்."

இந்த "பார்த்துக்குவான்" என்ற வார்த்தையில்தான் வில்லங்கம் இருக்கிறது.

ஸ்கூட்டருக்கு எட்டு. நாலு சக்கர வண்டிக்கு வளைத்து, ஒடித்து, ரிவர்ஸ் எடுத்துக் காட்டுவது. இரண்டுக்கும் சேர்த்து ஊர் வைத்திருக்கிற பெயர் "எட்டு போடுறது". அதைப் போட்டுவிட்டால் வண்டி ஓட்டத் தெரிந்துவிட்டது என்று அர்த்தமாம்! மைதானத்தில் நாய் குறுக்கே வராது. பஸ் உரசிக்கொண்டு போகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க மாட்டார்கள். முக்கியமாக, வண்டியில் சரக்கு இருக்காது.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

இந்த விஷயத்தை இப்போது பேச ஒரு காரணம் இருக்கிறது.

முன்பெல்லாம் மஞ்சள் போர்டு வண்டி ஓட்ட வேண்டும் என்றால், முதலில் கார் லைசென்சு எடுக்க வேண்டும். அதை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி கிடைக்கும். அந்த முத்திரை இல்லாதவன் விபத்தில் சிக்கினால், "இவனிடம் சரியான லைசென்சு இல்லை" என்று இன்சூரன்சு கம்பெனி கையை விரிக்கும். அடிபட்டவன் குடும்பம் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலையும்.

2017-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டியும் இலகு ரக வண்டிதான், கார் லைசென்சு உள்ளவர் அதை ஓட்டலாம், தனி முத்திரை தேவை இல்லை என்றார்கள். இன்சூரன்சு கம்பெனிகள் விடவில்லை. வழக்கு ஐந்து நீதிபதிகள் முன்பு போயிற்று. 2024-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி அவர்களும் அதையே உறுதி செய்துவிட்டார்கள். இந்த லைசென்சு வைத்திருப்பவர்கள் சரக்கு வண்டி ஓட்டுவதால்தான் விபத்து கூடுகிறது என்று காட்டும் புள்ளிவிவரம் எதுவும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள்.

நல்ல தீர்ப்பு. ஏழைத் தொழிலாளிக்கு ஓர் அலைச்சல் மிச்சம். விபத்தில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கிடைப்பதில் இருந்த ஒரு முட்டுக்கட்டையும் போயிற்று.

ஆனால், இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு வாசல் இருந்த வீட்டுக்கு இப்போது ஒரே வாசல். மனைவி மக்களோடு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குக் கார் ஓட்டிப் போகிறவரும், 15 வெங்காய மூட்டையோடு ஜெமினி பாலம் ஏறுகிற பையனும் ஒரே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அந்தத் தேர்வும் ஒப்புக்கு நடந்தால்?

2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. அதில் செத்தவர்கள் 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 பேர்! இவர்கள் எல்லோரும் குட்டி யானையில் அடிபட்டவர்கள் அல்ல. ஆனால் ரோடு ஒன்றுதானே?

சட்டத்தில் என்ன இருக்கிறது?

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியை எடுத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். லைசென்சு கேட்டு வருகிறவர் என்னென்ன செய்து காட்ட வேண்டும் என்று இருபதுக்கும் மேற்பட்ட விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். "எட்டு" அதில் ஒரு மூலைகூட இல்லை.

வண்டி எடுப்பதற்கு முன்பே கண்ணாடியைச் சரி செய்ய வேண்டும். கியரை ஒவ்வொன்றாக மாற்றி டாப் கியர் வரை போக வேண்டும். நெரிசல் வந்தால் சட்டென்று இறக்க வேண்டும். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். குறுகலான இடத்தில் ரிவர்ஸ் விட வேண்டும். சிக்னலும் போலீசும் இல்லாத இடத்தில் கோட்டின் மேல் நடந்து கடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். நடந்து வருகிறவரும் சைக்கிள்காரரும் அடுத்து என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். இதெல்லாம் மைதானத்தில் முடிகிற காரியமா? ரோட்டில்தான் முடியும்.

ஆகவே, லைசென்சுக்குத் தயாராகிற பையன் ஸ்கூல்காரர் சொல்லிக் கொடுத்த வளைவை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. இந்த விதியில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துப் பழக வேண்டும்.

கண்ணாடியில் முட்டைக்கோஸ்

முதலில் கண்ணாடி.

டிரைவிங் ஸ்கூல் காரில் பழகும்போது, உள்ளே தொங்குகிற கண்ணாடியில் பின்பக்க ரோடு முழுவதும் தெரியும். பையனுக்கு அதுவே பழகிப் போகும். லைசென்சு வாங்கி, மறுநாள் குட்டி யானையில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கண்ணாடியில் என்ன தெரியும்? முட்டைக்கோஸ் மூட்டை தெரியும்!

சரக்கு வண்டிக்கு இரண்டு பக்கக் கண்ணாடிதான் கண். அதிலும் இடது பக்கம் ஆபத்தானது. வண்டிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கிற இரண்டடி சந்தில் ஸ்கூட்டர் நுழைந்து வரும். கண்ணாடியில் தெரியாத ஒரு மூலை எப்போதும் இருக்கும். அதனால் கார் பழகும்போதே உள் கண்ணாடியைப் பார்க்காமல், பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழக வேண்டும். திரும்புவதற்கு முன்பு கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு ஒரு தடவை கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங். இந்த வரிசை மாறக் கூடாது. டெஸ்டு எடுக்கிற அதிகாரியும் இதைத்தான் கவனிக்கிறார். கண்ணாடியைப் பார்க்காமல் சிக்னல் போடுகிறவனை அவர் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

சென்னையில் மேடு ஏது?

மேட்டில் நிறுத்தி எடுப்பது என்று சட்டம் சொல்கிறது. சென்னை தட்டை ஊர். பரங்கிமலை போன்ற சில குன்றுகளை விட்டால் மலை கிடையாது. ஆனால் பாலம் இருக்கிறதே! 1973-ல் ஜெமினி பாலம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பாலங்கள் வந்துவிட்டன. சாயங்காலம் 6 மணிக்குப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கும். முன்னால் லாரி. பின்னால், ஒரு முழம் இடைவெளியில், கைக்குழந்தையோடு ஒரு தம்பதி ஸ்கூட்டரில்.

இந்த இடத்தில் கிளட்சை விடத் தெரியாமல் விட்டால் வண்டி பின்னால் உருளும். காலி வண்டி அரையடி உருண்டால், சரக்கு ஏற்றின வண்டி அதைவிடக் கூட உருளும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டு, வண்டி முன்னால் இழுக்கிற உணர்வு காலில் தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். இதைப் பத்துத் தடவை அல்ல, நூறு தடவை செய்து பார்க்க வேண்டும். பாலத்தில் போய் நெரிசலில் பழகக் கூடாது. கூட்டம் இல்லாத நேரத்தில், ஏதாவது ஒரு சரிவான இடத்தில், கற்றுக் கொடுப்பவர் பக்கத்தில் இருக்கும்போது பழக வேண்டும். பழைய டிரைவர்கள் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தேங்காய் மட்டையை வைத்துப் பழகச் சொல்வார்கள். மட்டை நசுங்கினால் இன்னும் பழகவில்லை என்று கணக்கு.

ரிவர்ஸ் எடுப்பதும் அப்படித்தான். கடைத்தெருவில் பின்னால் நின்று ஒருவர் "வா... வா... வா... ஸ்டாப்!" என்று கத்துவார். அவரை நம்பியே பலர் ஓட்டுகிறார்கள். டெஸ்டில் கத்துவதற்கு ஆள் கிடையாது. ஒற்றை ஆளாக டெலிவரிக்குப் போகும்போதும் கிடையாது. வண்டியை விட்டு இறங்கிப் பின்னால் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து எடுப்பதில் கவுரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வண்டிக்குப் பின்னால் குழந்தை உட்கார்ந்து விளையாடினால் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

பதினாறாவது மூட்டை

பிரேக் விஷயத்துக்கு வரலாம். இதில் கொஞ்சம் கணக்கு உண்டு.

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் போய்விடும். குறுக்கே ஆளைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அதாவது, பிரேக் போடுவதற்கு முன்பே வண்டி மூன்று ஆட்டோ நீளத்துக்கு மேல் போய்விட்டது! வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்து வண்டி நிற்கிற தூரம் இரண்டு மடங்கு ஆகாது. நாலு மடங்கு ஆகும். அதோடு அளவுக்கு மீறின சரக்கும், தேய்ந்த டயரும், மழை ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

முதலில் வந்த குட்டி யானையில் 750 கிலோ ஏற்றலாம் என்று கணக்கு. 50 கிலோ மூட்டை என்றால் 15. பதினாறாவது மூட்டையை வைத்தாலே கணக்கு தப்பு. ஆனால் கடைத்தெருவில் 20 மூட்டை, 25 மூட்டை என்று அடுக்குகிறார்கள். பின்னால் பாரம் அழுத்தினால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. உயரமாக அடுக்கினால் திருப்பத்தில் வண்டி சாயும். "முதலாளி, இதுக்கு மேல வேணாம்" என்று சொல்லத் தெரிவதும் டிரைவர் வேலையில் ஒரு பாகம்தான். அதற்கு எந்த ஆபீசிலும் டெஸ்டு வைப்பது இல்லை.

பத்து மணி நேரம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க 21 நாளாவது ஆக வேண்டும், அதில் 10 மணி நேரமாவது கையில் ஸ்டியரிங் இருக்க வேண்டும் என்று டிரைவிங் ஸ்கூல்களுக்கு விதி இருக்கிறது. 2021-ம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தது. அங்கே 4 வாரத்தில் 29 மணி நேரம். அதை முடித்துத் தேறியவருக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் மறுபடி ஓட்டிக் காட்டுகிற டெஸ்டு கிடையாது.

நடப்பில் என்ன? காலை 6 மணிக்கு ஒரு கார் கிளம்பும். அதில் நாலு பேர் ஏறுவார்கள். ஒருவருக்கு இரண்டு தெரு. கிளட்சும் பிரேக்கும் பெரும்பாலும் ஆசிரியர் காலடியில்! எல்லா ஸ்கூலும் இப்படி என்று சொல்ல முடியாது. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டும்போதே, "எத்தனை மணி நேரம் நான் ஓட்டுவேன்?" என்று கேட்டு, தினமும் ஒரு நோட்டில் நிமிடக் கணக்கு எழுதி வைத்துக்கொள்வது பையனுக்கு நல்லது. மூட்டை தூக்கிச் சம்பாதித்த பணம் அல்லவா?

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போகலாம். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். இந்த 30 நாளை வீணாக்கிவிட்டுக் கடைசி இரண்டு நாளில் பழகுகிறவர்கள் பலர். இன்னும் சிலர், ராத்திரி 11 மணிக்குக் கடை சாத்தின பிறகு முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுகிறார்கள். இது குற்றம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பக்கத்தில் லைசென்சு உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளையில் சிவப்பு "எல்" போர்டு இருக்க வேண்டும்.

டெஸ்டு நாள்

முதல் நாள் ராத்திரி லோடு ஏற்றிவிட்டு, தூங்காத கண்ணோடு டெஸ்டுக்குப் போய் நிற்கக் கூடாது. அன்று ஒரு நாள் லீவு கேட்க வேண்டும்.

எல்.எல்.ஆர்., ஸ்கூல் சர்டிபிகேட்டு, டெஸ்டு வண்டியின் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்சு, புகை சர்டிபிகேட்டு எல்லாம் கையில் இருக்கிறதா என்று முந்தின நாளே பார்க்க வேண்டும். வழுக்குகிற ரப்பர் செருப்போடு பெடலை மிதிக்க வேண்டாம். கண் எப்படி என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கிற காரின் நம்பர் தெரிகிறதா என்று விண்ணப்பத்தோடு கொடுக்கும் பாரத்திலேயே கேட்கிறார்கள். பலர் பார்க்காமலே "ஆம்" என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி போட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் வேறு!

படிப்பு குறைவு என்று தயங்க வேண்டியது இல்லை. சரக்கு வண்டி டிரைவர் எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ம் ஆண்டிலேயே மத்திய அரசு எடுத்துவிட்டது. ஆனால் சாலைக் குறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும். சிவப்பு வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் சதுரம் என்றால் தகவல். கடைப் பையன்களுக்கு ஒரே நாளில் வந்துவிடும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு வண்டி ஓட்டப் போகிறேன் என்று சொல்கிற பையனை ஸ்கூல் காரில் வைத்துப் பார்ப்பதைவிட, ஒரு சின்ன லாரியில் நாலு மணல் மூட்டையைப் போட்டு, பத்து நிமிடம் உண்மையான ரோட்டில் ஓட்டச் சொன்னால் என்ன? கூட்டம் அதிகம், ஆள் பற்றாக்குறை என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் ஆளைப் போடச் சொல்லி சர்க்காரைக் கேட்க வேண்டும். டெஸ்டு நேரத்தைக் குறைப்பது அதற்கு மாற்று ஆகாது.

முதலாளி என்ன செய்யலாம்?

லைசென்சு இல்லாதவன் கையில் சாவி கொடுத்தால், கொடுத்த முதலாளிக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். இது பலருக்குத் தெரியும். லைசென்சு வந்த அன்றே முழு லோடும் ஏற்றி, "சாயங்காலத்துக்குள்ள ஏழு கடை முடிச்சுட்டு வா" என்று அனுப்புவதற்குச் சட்டத்தில் அபராதம் இல்லை. ஆனால் அதுவும் கிட்டத்தட்ட அதே காரியம்தான்.

முதல் வாரம் பாதி லோடு. பக்கத்தில் பழைய டிரைவர். கூட்டம் குறைந்த நேரம். இப்படி ஆறு நாள் ஓட்டவிட்டால் முதலாளிக்கு என்ன நஷ்டம்? ஒரு பம்பர் மாற்றுகிற செலவுகூட ஆகாது.

டெஸ்டில் தோற்றாலும் பையனைக் கடையில் கேலி செய்ய வேண்டியது இல்லை. ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தோற்றால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும், காலையில் கடை திறப்பதற்கு முன்பு ஒரு மணி நேரம், "எல்" போர்டு கட்டின வண்டியில் பழைய டிரைவரோடு அவனை அனுப்பி வைக்க முதலாளி மனம் வைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு மூட்டையை வேறு ஆள் தூக்கட்டும்.